காத்துமுழுங்கி

எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். மீட்டர்களெல்லாம் தாமாகவே அலுவலகத்தோடு பேசிக்கொள்ளத் தொடங்கியதும் வேலை போயிற்று, புத்தி போகவில்லை. குளிக்கப் போகிறவர் விசிறியை அணைத்துவிட்டுப் போக வேண்டும். கூடத்தில் விளக்கு எரிந்தால் அடுக்களையில் எரியக் கூடாது. காரைத்திடல் பள்ளிக்கூடத் தெருவிலேயே குறைவாக யூனிட் ஓடுகிற வீடு வைத்தியலிங்கம் வீடு என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படிப்பட்டவன் வீட்டு மொட்டை மாடியில்தான் காத்துமுழுங்கி வந்து உட்கார்ந்தது.

கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு தூண், உடம்பெல்லாம் மீன் செதில் போலக் கறுப்புத் தகடுகள். கீழே சாமான் அறையில் பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. பெட்டியின் முகப்பில் ஒரே ஓர் எண் ஒளிரும். பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் போகும். அதைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

என் மனைவி செண்பகத்துக்காக வாங்கியது அது. நுரையீரல் பழுதாகி அவளுக்கு ஐந்து வருடம் ஆகிறது. மூக்கில் மெல்லிய குழாய், கட்டிலோரத்தில் ஆக்சிஜன் இயந்திரம். கரண்டு போய் அது நின்றுவிட்டால் கைவசம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. இரண்டு மணி நேரம் தாங்கும். போன புயலுக்கு அவளை ஆம்புலன்சில் ஏற்றி நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப் போனேன். வழியில் முன்னும் பின்னும் மரம் விழுந்து ஏழு மணி நேரம் நடுரோட்டில் கிடந்தோம். கடைசிச் சிலிண்டரின் முள் கீழே இறங்க இறங்க, என் உயிரும் அதோடு இறங்கியது. இனி புயல் வந்தால் வீட்டைவிட்டு நகர்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இயந்திரத்தைப் பொருத்த வந்தவள் பிலோமினா என்கிற பெண். மாடிக்கும் கீழுக்கும் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டு, செண்பகத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னாள்.

"சார், இதுக்கு டீசலும் வேணாம், வெயிலும் வேணாம். புயல்தான் இதுக்குச் சோறு. காத்து எழுபது கிலோமீட்டரைத் தாண்டிச்சின்னா தானா முழிச்சுக்கும். சுத்தி அடிக்கிற காத்தோட வேகத்தை உறிஞ்சிக் கரண்டாக்கிடும். வேகம் போன காத்து என்ன செய்யும், சும்மா நிக்கும்."

"அப்ப வீட்டு மேல புயல் அடிக்காதா?"

"ஒரு வட்டத்துக்குள்ள அடிக்காது. வட்டம் எவ்வளவு பெருசுன்றது நீங்க எவ்வளவு கரண்டு செலவு பண்றீங்கன்றதைப் பொறுத்தது. செலவு கூடுனா வட்டம் கூடும்."

எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. "செலவு பண்ணலேன்னா?"

"பெட்டி நிரம்பிடும் சார். வயிறு முட்டத் தின்னவன் மேல தின்ன மாட்டான்ல, அது மாதிரி. நூறு ஆயிடுச்சுன்னா பூட்டிக்கும். ஆறு மணி நேரம் சூடு தணியற வரைக்கும் திறக்காது. காத்தையும் முழுங்காது, கரண்டும் தராது. அதனால புயல் நேரத்துல தாராளமா செலவு பண்ணுங்க. மிச்சத்தை எரிச்சுத் தள்ள ஒரு சுருள் இருக்கு, தனியா வாங்கணும். எழுதிக்கவா?"

"கரண்டை எரிச்சுத் தள்ளுறதுக்கு ஒரு சாமானா? நல்லாயிருக்கும்மா உங்க நியாயம்."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். விற்க வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். செண்பகம் மட்டும் காதில் வாங்கி வைத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எதிர்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் ஜெகபர் சாதிக்கின் வீடும் தகரக் கொட்டகையும். நிலா சவுண்ட் சர்வீஸ். மாரியம்மன் கோயில் திருவிழாவோ, மாதா கோயில் தேரோ, தர்கா கந்தூரியோ, மூன்றுக்கும் அவர்தான் லைட்டும் மைக்கும். அவருடைய பெரிய டீசல் ஜெனரேட்டர் முன்பெல்லாம் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று புகை கக்கும். செண்பகத்துக்கு இருமல் கண்டது அந்த நாளில்தான். டாக்டர் நுரையீரல் என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. என் பெண்டாட்டியின் நெஞ்சைக் கெடுத்தவன் எதிர்வீட்டுக்காரன் என்று தெரு நடுவில் நின்று ஏசினேன். ஸ்டேஷனில் நான்கு மனு கொடுத்தேன். ஜெனரேட்டரை அவர் முதல் மனுவுக்கே ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். அத்தோடு விட்டேனா? சாயங்காலம் ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்து டெஸ்ட் பண்ணுகிறார் என்று அதற்கும் மனு. இந்தத் தெருவில் இனிப் பாக்ஸ் போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உப்பளப் பக்கம் போய் டெஸ்ட் பண்ண ஆரம்பித்தார். ஐந்து வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த ஐப்பசியில் குல்னார் புயல் வந்தது. எந்த நாட்டுக்காரர் வைத்த பெயரோ, கேட்கப் பூப்போல இருந்தது. நேராகக் காரைத்திடலில் கரையேறும் என்று மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

செண்பகம் படுத்தபடியே வேலை ஏவினாள். நான்கு தென்னையிலும் மட்டையைக் கழித்துக் கொண்டையை மட்டும் விட்டோம். மேல் தொட்டியில் தண்ணீரை ரொப்பினேன், காலித் தொட்டி பறந்துவிடும். மாடித் தகரத்துக்குக் கயிறு போட்டு மணல் மூட்டை ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பெருக்கல் குறியாக டேப் ஒட்டினேன். பத்திரம், ரேஷன் கார்டு, அவளுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் பாலிதீனில் சுருட்டி எவர்சில்வர் டிரம்மில் போட்டு மூடினேன். ஒரு காகிதத்தைப் பிரித்துப் பார்க்கப் போனபோது, "அதையெல்லாம் இப்பப் பிரிக்காதீங்க, அப்படியே வைங்க" என்றாள். வைத்தேன்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து முதல் இரைச்சல் கேட்டதும், இந்தக் கரையில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டி.வி. வயரைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் போகும் லைனை மட்டும் விட்டுவிட்டு மெயினை அணைத்தேன். இடி மின்னல் என்றால் மெயினை அணைப்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அணைத்துவிட்டு, பொறுப்பாக ஒரு காரியம் செய்த நிம்மதியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

காற்று எழுபதைத் தாண்டிய கணத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

மாடியில் தம்பூரா மீட்டியது போல ஒரு மெல்லிய ரீங்காரம். உடனே கதவு ஆடுவது நின்றது. தகரம் அடித்துக்கொள்வது நின்றது. புயல் எங்கேயும் போய்விடவில்லை, அதன் ஓலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யார் வீட்டிலோ நடக்கும் சண்டை போலத் தள்ளிக் கேட்டது. வாசல் கதவைத் திறந்தேன். செம்பருத்திச் செடியில் ஓர் இலை அசையவில்லை. மழை நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அதே மழை படுக்கைவாட்டில் பறந்துகொண்டிருந்தது. சுவரோரம் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வராதே என்று யாரோ புயலுக்குச் சொன்ன மாதிரி. கையெடுத்துக் கும்பிட்டேன். பயத்தினால் இல்லை. சாமி புறப்பாட்டின்போது திரை விலகுமே, அப்போது போடுகிற கும்பிடு.

"என்னங்க சத்தத்தையே காணோம்?" என்றாள் செண்பகம்.

"வந்துட்டுப் பக்கத்துல நிக்குது. நம்மளைத் தொடல."

சுவருக்கு வெளியே ஜெகபரின் கொட்டகைத் தகரம் இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. அவரும் அவர் மனைவியும் மகனும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சாமான் அறையில் எண் நாற்பதைக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தைந்து. பிறகு எழுபது. பானை நிறைவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு. "ஒரு வாரத்துக்குக் காணும்போல இருக்கு" என்று வந்து சொன்னேன்.

செண்பகம் தலையைத் தூக்கினாள். "ஏங்க, நிரம்பக் கூடாதுன்னுல்ல அந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் மெயினைப் போட்டேன். எல்லா விசிறியும், எல்லா விளக்கும், ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி. வாழ்நாளில் முதல்முறையாக என் வீட்டில் எல்லாமே ஓடின. எண் எழுபத்தெட்டில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு எழுபத்தொன்பது. எண்பது. குறைவாகக் குடிக்கிற விளக்கு, குறைவாகக் குடிக்கிற விசிறி என்று தேடித் தேடி வாங்கி மாட்டியவன் நான். ஒரு புயலைச் செலவு பண்ண என் வீட்டில் வகையில்லை.

"பாயைக் கூப்பிடுங்க" என்றாள் செண்பகம்.

"அவனை நான் கூப்பிடறதா?"

"அவருகிட்டதான் ஒரு ஊருக்கே லைட்டு இருக்கு. நூறு ஆயிட்டா ஆறு மணி நேரம். இந்தச் சிலிண்டர் ரெண்டு மணி நேரம். கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

வாசலுக்குப் போனேன். எண் எண்பத்தெட்டு. மதில் கதவருகே நின்று கையை வெளியே நீட்டியதும் தோளில் கிடந்த துண்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. அரை அடி இந்தப் பக்கம் நிசப்தம். அரை அடி அந்தப் பக்கம் ஆளையே தூக்குகிற வேகம். தொண்டை கிழியக் கத்தினேன்.

"பாய். லைட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க. பெட்டி நிரம்பப் போவுது. செலவு பண்ணணும்."

புயல் நடுவில் ஒருவன் இப்படிக் கத்தினால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஜெகபர் லைட்காரர். என் வீட்டு வாசலில் மழை நேராக விழுவதை அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு கேள்விகூடக் கேட்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி மகனிடம் கொடுத்துவிட்டு, தோளில் கேபிளை மாட்டிக்கொண்டு தெருவில் குப்புறப்படுத்து ஊர்ந்து வந்தார். பத்தடித் தெரு. கால்மணி நேரம் ஆயிற்று. அவர் கை சுவர்க் கோட்டைத் தாண்டியதும் பிடித்து உள்ளே இழுத்தேன். எழுந்து உட்கார்ந்தவர் மூச்சே விடாமல் சுற்றும் முற்றும் பார்த்தார். செம்பருத்தியைத் தொட்டுப் பார்த்தார்.

"அல்லாவே" என்றார், மெதுவாக. பிறகு, "பெட்டி எங்கண்ணே இருக்கு?"

கேபிளைச் சொருகியதும் எதிரே கொட்டகைக்குள் ஒரு மயில் எரிந்தது. ஆளுயர மயில், தோகை முழுக்கச் சீரியல் பல்பு. அடுத்து ஒரு கோபுரம். எங்கள் மாடித் தூணின் ரீங்காரம் ஒரு சுருதி ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு சுவரை விட்டு நகர்ந்தது. தெருவைக் கடந்தது. ஜெகபரின் தகரம் இறக்கையடித்த பாதியிலேயே நின்றது. கயிற்றைப் பிடித்துத் தொங்கிய தாயும் மகனும் இழுக்க எதுவுமில்லாமல் பின்னால் விழுந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வாய் போதாது. கோடு போன இடமெல்லாம் ஜெகபரும் மகனும் கேபிளை இழுத்துக்கொண்டே போனார்கள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, "எல்லாத்தையும் போடுங்க, எதையும் அணைக்காதீங்க" என்றார்கள். யாரும் நம்பவில்லை. வெளியே வந்து பார்த்த பிறகு நம்பினார்கள். தெரு முழுவதும் வளைவு வளைவாக விளக்கு. பள்ளிக்கூடத்து வாசலில் மாதா எரிந்தாள். தண்ணீர்த் தொட்டி மேல் பிறைநிலா எரிந்தது. மாரியம்மன் இருபதடி உயரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாய் எரிந்தாள். மூன்று கோயில் திருவிழாவும் ஒரே நாளில், பட்டப்பகல் இருட்டில், நேராக இறங்கும் மழையில். ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். எண் அறுபதுக்கு இறங்கியிருந்தது.

மூன்றரை மணிக்குத் தூணின் ரீங்காரம் தேய்ந்து நின்றது. வெளியேயும் ஓலம் நின்றது. புயலின் கண் எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது. புயலின் மறுபாதி வரும்வரை காற்று வராது, பெட்டிக்கு வரவும் இருக்காது. ஜெகபர் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி ஓடி எல்லாவற்றையும் அணைத்தார். முதல்முறையாக நானும் இன்னொருவரும் சேர்ந்து விளக்கணைத்தோம்.

"என்னை வெளிய தூக்கிட்டுப் போங்க. நான் பார்க்கணும்" என்றாள் செண்பகம்.

சின்ன சிலிண்டரை மாட்டி, நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தேன். சுற்றிலும் மேகம் வெள்ளைச் சுவராக எழும்பி நின்றது. கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்ப்பது போல இருந்தது, ஆனால் கிணற்றுக்கு அடுத்த கரை பத்து மைல் தூரத்தில். மேலே வட்டமாக நீலம். மேற்குச் சுவரின் விளிம்பைத் தாண்டி வந்த சாய்ந்த வெயில் பட்டு, எதிர்ச் சுவர் முழுதும் பொன்னாகி, மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் மாட்டிக்கொண்ட கடல்பறவைகள் நூற்றுக்கணக்கில் தெருவில் வந்து இறங்கின. மனிதரைக் கண்டு பயப்படக்கூடத் தெம்பில்லாமல் எங்கள் காலடியில் உட்கார்ந்தன. ஒன்று செண்பகத்தின் நாற்காலிக் கையில் உட்கார்ந்தது. அவள் அசையவில்லை.

எனக்கு மனசு இளகிக் கிடந்தது. "பாய் நல்ல மனுசன்தான் செண்பகம். அந்த ஜெனரேட்டர் புகை மட்டும் இல்லாம இருந்திருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காது."

அவள் பறவையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது பாய் வீட்டுப் புகை இல்லைங்க."

"பின்ன?"

"டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. விறகடுப்புப் புகை, வருசக்கணக்கா உள்ள படிஞ்சிருக்குன்னு. எழுதியும் குடுத்தாரு. அந்த டிரம்முலதான் இருக்கு. நீங்கதான் பாலிதீன் போட்டுப் பத்திரமா சுத்தி வச்சீங்க."

"நம்ம வீட்டுலதான் கல்யாணமான நாள்லேர்ந்து காஸ் இருக்கே."

"இருந்துச்சு. வென்னீரு எதுல வச்சோம்?"

பின்கட்டில் கூரை தாழ்ந்த வென்னீர் அடுப்பு. பாளையும் ஈர மட்டையும் புகைந்துகொண்டே இருக்கும். சும்மா கிடக்கிற மட்டை இருக்கும்போது எதற்குக் காஸைத் தீர்க்க வேண்டும் என்று சொன்னவன் நான். ஹீட்டர் வேண்டாம், யூனிட் ஓடும் என்றவனும் நான். முப்பத்தோரு வருடம், விடியற்காலை ஐந்து மணிக்கு, அந்தப் புகைக்குள் குனிந்து ஊதாங்குழலால் ஊதியவள் அவள். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீட்டர் பார்க்கப் போனவன் நான்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா தாங்குவீங்களா?" என்றாள். கையை எடுத்து என் கை மேல் வைத்துக்கொண்டாள். பறவை கலையாமல் இருந்தது.

கிழக்குச் சுவர் நெருங்கிக்கொண்டே வந்தது. பறவைகள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின.

இரண்டாம் பாதி தெற்கிலிருந்து அடித்தது. முதல் பாதி இதற்கு விளையாட்டு. ஜெகபர் எல்லா விளக்கையும் போட்டார். ஊர் மீண்டும் எரிந்தது. எண் எழுபது, எண்பது என்று ஏறிக்கொண்டே போயிற்று. எண்பத்தொன்பதில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். உடம்பெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம்.

"இந்தக் காலத்து லைட்டெல்லாம் ஒண்ணுமே குடிக்காதுண்ணே. எல்லாத்தையும் போட்டாச்சு." சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. நான் எப்படிண்ணே அதைச் சொல்றது? எழுதிக் குடுத்திருக்கேன்ல."

பாக்ஸ். கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிய, கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் வைக்கிற, ஆள் உயரம் நிற்கிற பத்து அடுக்குப் பாக்ஸ். அதைத்தான் அவர் சொல்லத் தயங்கினார். எண் தொண்ணூற்று மூன்று. உள்ளே செண்பகத்தின் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாக அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், என் வாய் வார்த்தைக்குக் காத்து நின்றார்.

"பாய், நான் உங்களைத் தப்பா ஏசிட்டேன். உங்க புகை இல்லை அது. என் வீட்டு வென்னீர் அடுப்பு. இப்பத்தான் எனக்குத் தெரியும்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "அக்கா அப்பவே சொல்லிருச்சுண்ணே."

"எப்ப?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளே. 'தம்பி, தப்பு உங்க மேல இல்ல. ஆனா அவரு ஏசுனா கொஞ்சம் பொறுத்துக்கங்க. உண்மை தெரிஞ்சா அவரு தன்னைத்தானே ஏசிக்கிட்டே போய்ச் சேர்ந்துருவாரு'ன்னு சொல்லிச்சு."

"அஞ்சு வருசமா பாய்? நாலு மனு. ஸ்டேஷன்லபோய் நின்னீங்களே."

"ஏச்சுதானே. மேல ஒட்டிக்கிட்டா கிடக்குது?" என்றார். "பாக்ஸைப் போடட்டுமா?"

தொண்ணூற்று ஐந்து.

"போடுங்க பாய்."

"சத்தம் எவ்வளவு வைக்க?"

"உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இன்னும் கொஞ்சம் கூட."

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "தம்பி, முதல்ல நாகஸ்வரத்தைப் போடுங்க. சாயங்காலம் டெஸ்ட் பண்றப்ப அதைத்தானே முதல்ல போடுவீங்க."

நான் மனு எழுதிக்கொண்டிருந்த சாயங்காலங்களில் அவள் ஜன்னலோரம் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாகஸ்வரம் எழுந்தது. தவில் விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, மாடித் தகரத்திலிருந்து மழைநீர் துள்ளியது. தொண்ணூற்று ஏழில் எண் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு தொண்ணூற்று ஆறு. வெளியே போய்ப் பார்த்தேன். கோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மீனவர் குடியிருப்பைத் தாண்டி, சவுக்குத் தோப்புவரை போயிருந்தது. அதற்கப்பால் கடல் பனைமர உயரம் எழும்பி, அந்தக் கோட்டுக்கு வந்ததும் அப்படியே மடங்கிப் படுத்தது. புயலுக்குள் ஒரு கல்யாண வீடு. ஜனங்கள் பாயை விரித்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு மணிக்குப் புயல் எங்களைக் கடந்து போகும்வரை ஜெகபர் சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் குறைக்கச் சொல்லவுமில்லை.

நான்காம் நாள் பிலோமினா வந்தாள். வழியில் சாலை இல்லாததால் படகிலும் நடையிலுமாக வந்திருந்தாள். சவுக்குத் தோப்பருகே வெகுநேரம் நின்றாள் என்றார்கள். காம்பஸ் வைத்துக் கீறிய மாதிரி ஒரு வட்டம். வெளியே ஒரு மரம் நிற்கவில்லை. உள்ளே ஒரு மரம் விழவில்லை.

வீட்டுக்குள் வந்து பெட்டியைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"மூணு தாலுக்காவுல நூத்தி நாப்பது வீட்டுக்கு மாட்டிக் குடுத்தோம் சார். நூத்தி முப்பத்தாறு முதல் ஒரு மணி நேரத்துலயே பூட்டிக்கிச்சு. போய்ப் பார்த்தா எல்லார் வீட்டுலயும் மெயின் அணைச்சிருக்கு. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன் சார். செலவு பண்ணுங்கன்னு சொன்னேன்."

செண்பகம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். அந்த நூற்று முப்பத்தாறு பேரும் நான்தான். கட்டிலில் கிடந்த ஒருத்தி காது கொடுத்துக் கேட்டதால் நான் தப்பினேன், அவ்வளவுதான்.

"உங்க வீட்டுல எப்படி சார் பூட்டிக்கல?" என்று கேட்டாள்.

"எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம்" என்றேன்.

அவள் போன பிறகு சாயங்காலம் எதிரே ஜெகபர் பாக்ஸ் டெஸ்ட் பண்ண ஆரம்பித்தார், சத்தம் குறைத்து. ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். மறுநாள் வென்னீர் அடுப்பை இடித்துவிடுவதாகச் செண்பகத்திடம் சொன்னேன். இனி எதற்கு இடிக்க வேண்டும் என்று கேட்டாள். டிரம்மை இன்னும் நான் திறக்கவில்லை, திறக்கத்தான் வேண்டும்.

"ஏங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, பாட்டுக்கு நடுவில். "உள்ரூம்ல விசிறி ஓடுது பாருங்க, ஆளே இல்லாம."

"தெரியும்" என்றேன். "ஓடட்டும்."